‘நார்மலா, பிரீமியமா சார்?’ - பதில் டேங்க் மூடிக்குள் இருக்கிறது!

மேட்டுப்பாளையம். ஊட்டி மலைப்பாதை தொடங்குவதற்கு முன்பு வரும் பெட்ரோல் பங்க்குகளில் ஒன்று. பள்ளி விடுமுறை என்பதால் வரிசை நீளமாக இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கி மூன்று மாதமே ஆன ஜெர்மன் கார் ஒன்று பம்ப் அருகே வந்து நிற்கிறது. காருக்குப் பத்து வயது என்றாலும் பளபளப்பு குறையவில்லை. உள்ளே ஐந்து பேர். டிக்கி முழுக்கப் பெட்டிகள்.

“நார்மலா, பிரீமியமா சார்?”

ஸ்டீயரிங் பிடித்திருப்பவர் தயங்குகிறார். காரை விற்றவர், “இதுக்கு பிரீமியம் மட்டும்தான் போடணும். நார்மல் போட்டீங்கன்னா இன்ஜின் போயிடும்” என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார். முன் சீட்டில் இருக்கும் மாமனாரோ இருபது வருடம் அம்பாசடர் ஓட்டியவர். “நார்மலே போடச் சொல்லுங்க மாப்ள. எல்லாம் ஒரே லாரியில வர்றதுதான்” என்கிறார். பின் சீட்டிலிருந்து மகளின் குரல்: “அப்பா, நீங்க சும்மா இருங்கப்பா. இன்ஜின் போச்சுன்னா யார் செலவு பண்றது?”

ஊர் மாறும், கார் மாறும். ஆனால், இந்தப் பேச்சு தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு பங்க்கில் தினமும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. காரை விற்றவர் சொன்னதிலும் பாதிதான் உண்மை. மாமனார் சொன்னதிலும் பாதிதான்.

ஆக்டேன் என்பது பலம் அல்ல, பொறுமை

பிரீமியம் பெட்ரோல் என்றால் ‘ஸ்ட்ராங்’ பெட்ரோல், போட்டால் கார் பறக்கும் என்ற நம்பிக்கை பலருக்கு இருக்கிறது. பம்ப்பில் எழுதியிருக்கும் 91, 95, 100 போன்ற ஆக்டேன் எண்களுக்கும் பெட்ரோலில் இருக்கும் சக்திக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. அந்த எண் சொல்வது வேறொன்றை. எவ்வளவு அழுத்தினாலும் தானாகப் பற்றிக்கொள்ளாமல், ஸ்பார்க் வரும்வரை காத்திருக்கும் பொறுமை அந்த பெட்ரோலுக்கு எவ்வளவு இருக்கிறது என்பதே ஆக்டேன்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப்பின் அடிப்பகுதி சுடுவதைக் கவனித்திருப்பீர்கள். காற்றை அழுத்தினால் சூடாகும். இன்ஜினுக்குள் பிஸ்டன் மேலேறும்போது பெட்ரோலும் காற்றும் கலந்த கலவைக்கும் அதுதான் நடக்கிறது. சரியான நேரத்தில் ஸ்பார்க் பிளக் பொறி கொடுக்கும். தீ சீராகப் பரவி, பிஸ்டனைக் கீழே தள்ளும். ஆனால் பொறுமை குறைவான பெட்ரோலாக இருந்தால், தீ வந்து சேரும் முன்பே ஓரத்தில் இருக்கும் கலவை அழுத்தமும் சூடும் தாங்காமல் தானாக வெடித்துவிடும். அந்த அதிர்வுதான் ‘டக் டக்’ என்று கேட்கிறது. மெக்கானிக்குகள் இதை ‘நாக்கிங்’ என்பார்கள். ‘இன்ஜின் தட்டுது’ என்று சொல்பவர்களும் உண்டு.

அந்த எண் வந்த விதமும் சுவாரஸ்யமானதுதான். 1920-களில் அமெரிக்க வேதியியலாளர் கிரஹாம் எட்கர் இரண்டு திரவங்களை அளவுகோலாக வைத்தார். எளிதில் நாக்கிங் ஆகாத ஐசோ ஆக்டேனுக்கு 100. உடனே நாக்கிங் ஆகும் ஹெப்டேனுக்கு 0. ஒரு பெட்ரோலுக்கு 91 என்று போட்டிருந்தால், 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை எப்படி நடந்துகொள்ளுமோ, சோதனை இன்ஜினில் அதுவும் அப்படியே நடந்துகொள்கிறது என்று அர்த்தம். சுத்தமான ஹெப்டேன் அப்போது ஒரு வகை பைன் மரப் பிசினிலிருந்து எடுக்கப்பட்டது என்பது கூடுதல் தகவல்.

1940-ல் பிரிட்டனின் போர் விமானங்கள் 87 ஆக்டேனிலிருந்து 100 ஆக்டேனுக்கு மாறியபோது அவற்றின் வேகம் கூடியது உண்மை. ஆனால் பெட்ரோலை மாற்றியதால் மட்டும் அது கூடவில்லை. அந்த பெட்ரோல் தாங்கும் என்ற தைரியத்தில் இன்ஜினுக்குள் செலுத்தும் காற்றழுத்தத்தைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக்கினார்கள். இன்ஜின் கேட்காத வரை, கூடுதல் ஆக்டேனால் பிரயோஜனம் இல்லை.

மாமனார் கையால் செய்ததை கம்ப்யூட்டர் செய்கிறது

மாமனாரின் அம்பாசடர் விஷயத்துக்கு வருவோம். அந்த இன்ஜின் கலவையைச் சுமார் ஏழில் ஒரு பங்காகத்தான் அழுத்தும். இன்றைய பெட்ரோல் இன்ஜின்கள் பத்தில் ஒரு பங்கு, அதற்கு மேலும் அழுத்துகின்றன. டர்போ இருந்தால் காற்று ஏற்கெனவே அழுத்தப்பட்டுத்தான் உள்ளே வரும். ஆகவே ‘எந்த பெட்ரோல் போட்டாலும் ஓடும்’ என்பது அம்பாசடருக்குச் சரியான அனுபவம். அதை அப்படியே டர்போ காருக்குக் கொண்டுவர முடியாது.

ஆனால், மாமனார் வேறொரு வித்தையும் செய்திருப்பார். மலை ஏறும்போது இன்ஜின் தட்டினால், பானெட்டைத் திறந்து டிஸ்ட்ரிபியூட்டரை லேசாகத் திருப்பி ‘டைமிங்’ வைப்பார்கள். பொறி கொஞ்சம் தாமதமாக விழும். சத்தம் நிற்கும். வண்டியின் இழுவை சற்றுக் குறையும். ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். அது நம்மை நோக்கி வரும்போதே தள்ளினால் கைதான் வலிக்கும். எட்டிவிட்டுத் திரும்பும் கணத்தில் தள்ளினால் உயரப் போகும். ரொம்பத் தாமதித்தால் தள்ளியும் பலன் இல்லை. டைமிங் என்பது இதுதான்.

அந்த வேலையை இப்போது காரே செய்துகொள்கிறது. இன்ஜின் பிளாக்கில் திருகியிருக்கும் சிறிய ‘நாக் சென்சார்’, நாக்கிங்குக்கே உரிய அதிர்வைக் கேட்டுக்கொண்டே இருக்கும். கேட்டவுடன் இ.சி.யூ. எனும் கம்ப்யூட்டருக்குத் தகவல் போகும். அது அடுத்தடுத்த பொறிகளைத் தாமதப்படுத்தும். டர்போ காராக இருந்தால் காற்றழுத்தத்தையும் குறைக்கும். ஓட்டுபவர் காதில் ‘டக்’ சத்தம் விழுவதற்குள் பெரும்பாலும் எல்லாம் முடிந்துவிடும்.

அதனால்தான், 95 கேட்கும் நவீன காரில் ஒரு டேங்க் 91 போட்டால் இன்ஜின் போய்விடாது. டேங்கை இறக்கிக் காலி செய்யவும் வேண்டாம். பெட்ரோல் காரில் டீசல் போட்டுவிடுவது போன்ற விபத்து அல்ல இது. ஆக்ஸிலேட்டரை மிதமாக மிதித்து ஓட்டி, டேங்க் பாதியானதும் அதிக ஆக்டேன் பெட்ரோல் நிரப்பினால் போதும். 91-ம் 99-ம் பாதிக்குப் பாதி கலந்தால் ஏறக்குறைய 95 வந்துவிடும்.

சரி, என்னதான் இழப்பு?

இதற்கு அளந்து பார்த்த பதில் ஒன்று இருக்கிறது. அமெரிக்க ஆட்டோமொபைல் அசோசியேஷன் 2017-ல், ‘பிரீமியம் பரிந்துரைக்கப்படுகிறது; கட்டாயமில்லை’ என்று சொல்லும் ஆறு கார்களைச் சோதித்தது. சுமை இழுப்பது, வேகமாக ஆக்ஸிலேட்டர் கொடுப்பது போன்ற கடினமான சூழலில் சாதாரண பெட்ரோலையும் பிரீமியத்தையும் ஒப்பிட்டார்கள். பிரீமியம் போட்டபோது மைலேஜ் சராசரியாக 2.7 சதவிகிதமும், குதிரைத்திறன் 1.4 சதவிகிதமும்தான் கூடின. காருக்குக் கார் வித்தியாசம் பெரிது. காடிலாக் எஸ்கலேடின் மைலேஜ் 7.1 சதவிகிதம் ஏறியது. ஆடி ஏ3-ல் ஒரு சதவிகிதம் இறங்கியது!

அதே அமைப்பு அதற்கு முந்தைய வருடம் சொன்ன கணக்கு இன்னும் வேடிக்கை. தேவையே இல்லாத கார்களுக்கு பிரீமியம் போட்டு, 1.65 கோடி அமெரிக்கர்கள் ஒரே வருடத்தில் 210 கோடி டாலருக்கும் மேல் வீணடித்திருந்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அமெரிக்காவில் இருக்கும் மகனோ மகளோ போனில், “இங்க நார்மல் பெட்ரோலே 87தான்” என்று சொன்னால், நம் ஊரைவிட மட்டமான பெட்ரோல் என்று நினைக்க வேண்டாம். ஆக்டேனை அளக்க இரண்டு முறைகள் உண்டு. நம் ஊரில் ஆர்.ஓ.என். என்ற முறையில் வரும் எண்ணைப் போடுகிறோம். அமெரிக்காவில் இரண்டு முறைகளின் சராசரியைப் போடுகிறார்கள். அவர்களின் 87, நம் கணக்கில் ஏறக்குறைய 91 அல்லது 92.

நம் ஊர்க் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். பிரீமியத்துக்கு லிட்டருக்கு 8 ரூபாய் அதிகம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,000 கி.மீ., மைலேஜ் 12 என்றால் 83 லிட்டர். கூடுதல் செலவு மாதம் சுமார் 660 ரூபாய், வருடத்துக்கு 8,000 ரூபாய். லிட்டர் 100 ரூபாய் என்றால் இது 8 சதவிகிதம் அதிகம். திரும்பக் கிடைப்பது 2.7 சதவிகிதம் என்றால், மைலேஜை மட்டும் நம்பி பிரீமியம் போடுவது நஷ்டம்தான்.

எப்போது பயப்பட வேண்டும்?

நாக் சென்சார் இருக்கிறதே என்று அலட்சியமாகவும் இருந்துவிட முடியாது. கம்ப்யூட்டர் டைமிங்கை ஓரளவுக்குத்தான் தள்ளிப்போட முடியும். கோடை வெயில், ஏசி, ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான், தொடர்ந்து ஏறும் மலைப்பாதை... இவையெல்லாம் ஒன்றுசேரும்போது அந்த எல்லை சீக்கிரம் வந்துவிடும். தாமதமாக விழும் பொறியால் புகைபோக்கி வழியே போகும் வாயுவின் சூடு அதிகமாகும். அங்கே இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு அது நல்லதல்ல. நாக்கிங் நிற்காமல் தொடர்ந்தால் பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடையலாம், ஹெட் கேஸ்கட் போகலாம். அங்கிருந்து பேச்சு லட்சங்களில்தான்.

சிறிய டர்போ இன்ஜின்களுக்கென்றே இன்னொரு ஆபத்தும் உண்டு. டாப் கியரில், குறைந்த ஆர்.பி.எம்.மில் வண்டி திணறும்போது ஆக்ஸிலேட்டரை அழுத்தி மிதித்தால், பொறி விழுவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும். பொறியே காரணம் இல்லாததால் அதைத் தாமதப்படுத்தியும் தடுக்க முடியாது. ஒரு சில தடவைகளே பிஸ்டனைப் பதம்பார்க்கப் போதும். ‘மைலேஜ் கிடைக்கும்’ என்று கியரைக் குறைக்காமல் மலை ஏற்றும் பழக்கம் உள்ளவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது. மாற்ற வேண்டியது கியரை. அதற்கு பைசா செலவில்லை.

நாக் சென்சார் இல்லாத பழைய ஹை-கம்ப்ரஷன் கார்களும் பைக்குகளும் இருக்கின்றன. அவற்றுக்குக் காதுதான் சென்சார். வழக்கமான பெட்ரோல் போட்டும் திடீரென்று தட்ட ஆரம்பித்தால், எங்கே போட்டோம் என்று யோசிக்க வேண்டும். மண்ணெண்ணெயின் ஆக்டேன் மிகவும் குறைவு. அது கலந்த பெட்ரோல் முதலில் நாக்கிங்கில்தான் காட்டிக்கொடுக்கும்.

கடையில் விற்கும் ‘ஆக்டேன் பூஸ்டர்’ பாட்டில்களை நம்பிப் பணத்தைக் கொட்டுவதற்கு முன் ஒரு விஷயம். ‘10 பாயின்ட் ஏறும்’ என்று போட்டிருந்தால் அது 91-ஐ 101 ஆக்கும் என்று அர்த்தமல்ல. பெரும்பாலான பாட்டில்களில் 10 பாயின்ட் என்பது ஒரே ஒரு ஆக்டேன். சிலவற்றில் இருக்கும் உலோகச் சேர்மானம் ஸ்பார்க் பிளக்கில் படியவும் செய்யும்.

பெயரைக் கேட்காதீர்கள், எண்ணைக் கேளுங்கள்

பங்க்குகளில் அலங்காரமான பெயர்களில் விற்கப்படும் பெட்ரோல் எல்லாமே அதிக ஆக்டேன் என்று நினைப்பது தவறு. இன்ஜினைச் சுத்தமாக வைக்கும் சேர்மானங்களைக் கலந்து, ஆக்டேனை உயர்த்தாமலேயே ‘பிரீமியம்’ என்று விற்ற காலமும் உண்டு. இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் அறிமுகப்படுத்திய எக்ஸ்பி100 போன்றவற்றில் எண் பெயரிலேயே இருக்கிறது. பெயரில் எண் இல்லையென்றால், “இது எத்தனை ஆக்டேன்?” என்று கேட்டுவிடுவது நல்லது. ஊழியருக்குத் தெரியவில்லையென்றால் மேனேஜருக்குத் தெரிந்திருக்கும்.

இந்திய பி.எஸ். 6 தர விதிப்படி சாதாரண பெட்ரோல் குறைந்தது 91, பிரீமியம் குறைந்தது 95. ஆனால், கடந்த சில வருடங்களில் கதை மாறிவிட்டது. காரணம், எத்தனால். பெட்ரோலைவிட எத்தனாலின் ஆக்டேன் அதிகம். 20 சதவிகிதம் எத்தனால் கலந்த இ20 வந்த பிறகு சாதாரண பெட்ரோலின் ஆக்டேன் 95-ஐ எட்டியிருக்கிறது என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் விளக்கம் கொடுத்தது. அப்படியென்றால், 95 கேட்கும் கார்களுக்கு ‘நார்மல் போட்டால் நாக்கிங்’ என்ற பழைய பயம் பெருமளவு குறைந்துவிட்டது. சாதாரணத்துக்கும் 95 பிரீமியத்துக்கும் ஆக்டேனில் இருந்த இடைவெளியும் சுருங்கிவிட்டது. 98 கேட்கும் ஸ்போர்ட்ஸ் ரகக் கார்களுக்குத்தான் 99, 100 ஆக்டேன் பெட்ரோலுக்கு உண்மையான வேலை இருக்கிறது.

ஒரு கதவு மூடினால் இன்னொன்று திறக்கிறது. எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் சக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் ஆக்டேன் ஏறினாலும் மைலேஜ் கொஞ்சம் இறங்கும். பழைய வாகனங்களில் நீண்ட நாள் ஓட்டத்துக்குப் பிறகு, அதாவது 20,000 - 30,000 கி.மீ.க்குப் பிறகு, சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்டுகளையும் மாற்ற வேண்டியிருக்கலாம் என்பதை அமைச்சகமும் ஒப்புக்கொண்டது. இ20 மட்டுமே விற்கக் கூடாது, வேறு பெட்ரோலையும் தேர்ந்தெடுக்க வாய்ப்பு வேண்டும் என்று தொடரப்பட்ட வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-ம் தேதி தள்ளுபடி செய்தது. ஆக, பழைய சொகுசு கார் வாங்குபவர்கள் இப்போது ஆக்டேனைவிட எத்தனாலைப் பற்றித்தான் அதிகம் விசாரிக்க வேண்டும். ‘பிரீமியம் போட்டால் எத்தனால் இருக்காது’ என்று தாங்களாகவே முடிவு செய்துகொள்வதும் சரியல்ல.

இனி மேட்டுப்பாளையம் பங்க்குக்குத் திரும்பலாம். பின்னால் ஒரு வேன் ஹாரன் அடிக்கிறது. காரிலிருந்து இறங்கிய மாமனார், டேங்க் மூடியைத் திறந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, உள்பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கிறார்.

“மாப்ள, இதுல ரெண்டு நம்பர் போட்டிருக்கு. மேல 95. கீழ ‘மின்’னு போட்டு 91.”

அந்த இரண்டு எண்களின் அர்த்தம்: 95 போட்டால் இன்ஜின் தன் முழுத் திறனில் ஓடும். 91 போட்டால் கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஓடும். இரண்டுக்கும் கம்பெனியே சம்மதித்திருக்கிறது. ஒரே எண்ணைப் போட்டு, அதுதான் ‘மினிமம்’ என்று எழுதியிருக்கும் கார்களில் மட்டும் பேரம் கிடையாது. அதற்குக் கீழே போட்டுத் தொடர்ந்து ஓட்டி இன்ஜினுக்கு ஏதாவது ஆனால், வாரண்டி கேட்கும்போது கம்பெனி கையேட்டைத்தான் எடுத்துக் காட்டும். ஸ்டிக்கர் அழிந்துபோயிருந்தால் அந்தக் கையேட்டில் ‘எரிபொருள்’ பகுதியிலும் இது இருக்கும். செகண்ட் ஹேண்ட் கார் வாங்கும்போது ஆர்.சி. புக், இன்ஷூரன்ஸ் கேட்கும் பலர் இந்தக் கையேட்டைக் கேட்டு வாங்குவதில்லை.

“அதுக்குக் கீழ ‘இ10’னு சின்னதா இருக்கு மாப்ள. அது என்னது?”

“அது எத்தனால் மாமா. இந்த கார் பத்து பர்சென்ட்தான் தாங்கும்னு போட்டிருக்கான். அடுத்த சர்வீஸ்ல பெட்ரோல் பைப், ரப்பர் எல்லாம் ஒரு தடவை பாக்கச் சொல்லணும்.”

“அப்ப இப்ப என்ன போடறது?”

“நார்மலே போடலாம் மாமா. மேல ஏறும்போது நான் கியரைக் குறைச்சு ஓட்டிக்கறேன்.”

மகள் பின் சீட்டிலிருந்து எதுவும் சொல்லவில்லை. பம்ப் ஊழியர் நாஸிலை டேங்கில் வைத்தபடி சொல்கிறார்: “ஜீரோ பாத்துக்கோங்க சார்.”